பிலார் பார்த்துக்கொள்ளுவா

இரண்டு மொழி தெரிந்த ஒருவர் அறையில் இருக்கிறார் என்பதற்குப் பெயர் மொழி வசதி இல்லை. அதற்குப் பெயர் சோம்பல். மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேறு எதைச் சொல்லாமல் விட்டாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தச் சோம்பலை நானே செய்தேன். மொழிபெயர்ப்பாளர்கள் மட்டுமே நிறைந்திருந்த ஒரு மண்டபத்தில், மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் மொழி வசதிப் பொறுப்பாளராக இருந்துகொண்டு செய்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சுவிஸுக்கு வந்த புதிதில் பாடனில் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தேன். என்னோடு நின்று துணி மடித்த பெண்ணுக்குக் காது கேளாது. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் கையால் கதைத்தோம். ஜெர்மன் ஒழுங்காக வருமுன்னே எனக்குச் சைகை மொழி வந்துவிட்டது. பிறகு ஜெர்மனையும் பிடித்து, சூரிச்சில் முறையாகப் படித்து, சைகை மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஆஸ்பத்திரி, பாடசாலை, நீதிமன்றம், ஆளை வேலையை விட்டு நிறுத்தும் கூட்டம், பிள்ளைப்பேறு, செத்த வீடு எல்லாவற்றிலும் நின்றிருக்கிறேன். இப்போது ஓய்வு.

உங்களில் பலர் இங்கே பிறந்தவர்கள். தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் வேலை செய்கிறீர்கள். உங்களையும் கோயில் கூட்டத்தில், பெற்றோர் கூட்டத்தில் பிடித்து நிறுத்தி, ‘பிள்ளை, இதைக் கொஞ்சம் சொல்லிவிடு’ என்பார்கள். நீங்களும் சொல்லிவிடுவீர்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதுதான், உங்களுக்கும் ஒரு கருத்து இருந்தது, அதைச் சொல்லவேயில்லை என்று நினைவு வரும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நடந்தது ஒரு சர்வதேசச் சங்கத்தில். பெயர் தேவையில்லை. பல நாடுகளின் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கங்கள் அதில் உறுப்பினர். சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுதான் என்று உங்களில் யாராவது நினைத்தால் இன்றோடு அதை விடுங்கள். நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு பேச்சு மொழி வேண்டியிருந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் தொடங்கிய சங்கம், அதனால் அது ஆங்கிலம். பிறகு தென் அமெரிக்காவிலிருந்து சில சங்கங்கள் சேர்ந்தன. அவர்களுக்கு ஸ்பானிய மொழி. சேர்க்கும்போது எல்லோரும் கைதட்டினோம். எந்த மொழியில் கூட்டம் நடத்தப்போகிறோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த வருடம் பொதுக்கூட்டம் பாடனில். நான் உள்ளூர்க்காரி என்பதால் மண்டபம், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் என் தலையில். மொழி வசதியும் ஏற்கெனவே என்னிடம்தான் இருந்தது. ‘மொழி தெரியாமல் கஷ்டப்பட்ட ஆள் நீதானே’ என்று சொல்லித் தந்திருந்தார்கள்.

இங்கே பிலாரைச் சொல்ல வேண்டும். சுவிஸிலேயே, லா ஷோ-து-ஃபோனில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாயும் தகப்பனும் ஸ்பெயினிலிருந்து மணிக்கூடு செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள். அவள் பிரெஞ்சுப் பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். ஸ்பானிய மொழி வீட்டு மொழி. ஆங்கிலமும் நல்லது. சங்கத்துக்கு ஸ்பானியத்தில் கடிதம் வந்தால் பிலார். இணையப் பக்கத்தில் ஸ்பானியத்தில் நாலு வரி வேண்டுமென்றால் பிலார். கூட்டத்துக்கு ஸ்பானிய மொழிக்காரர் வந்தால் அவர்கள் நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பவளும் பிலார்.

ஆயத்தக் கூட்டத்தில் ‘ஸ்பானிய மொழி’ என்று ஒரு வரி இருந்தது. நான் சொன்னேன்: “பிலார் பார்த்துக்கொள்ளுவா.” அடுத்த விசயத்துக்குப் போய்விட்டோம். கோப்பிக்கு எந்தப் பால் என்பதற்கு அதைவிடக் கூட நேரம் எடுத்தோம்.

பிலாரும் எங்களைப்போல் வாக்குரிமை உள்ள உறுப்பினர் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அதுவும் அந்த முறை அவளுக்கு அங்கே சொந்த வேலை ஒன்று இருந்தது.

வேலை இதுதான். நிர்வாகக் குழு ஒரு புது விதி கொண்டுவந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து ஆண்டு அறிக்கை தராத நாட்டுச் சங்கத்தை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. கேட்க நியாயமாக இருக்கும். அதில் முதலில் விழப்போவது எல்வீராவின் சங்கம். எல்வீரா மலைநாடு ஒன்றிலிருந்து வந்தவர். நாட்டின் பெயரை எழுதவில்லை. அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர்கள் அவ்வளவு குறைவு, நாட்டைச் சொன்னால் ஆளைச் சொன்னதுபோல. எங்கள் சங்கம் தரும் உறுப்பினர் கடிதத்தைக் காட்டித்தான் அவர் நீதிமன்றத்துக்குள்ளேயே போக முடியும். அது இல்லாவிட்டால், குற்றம் சாட்டப்பட்ட காது கேளாதவருக்குப் பக்கத்தில் அவருடைய மச்சானையோ, கையசைக்கத் தெரிந்த பொலிஸ்காரனையோ நிறுத்தி விசாரணையை முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது ஒரு தாள். அங்கே ஒருவர் சிறைக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அந்தத் தாளில் இருந்தது.

பிலாருக்கு இது தெரியும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத முடியாததால்தான் அவர்கள் அனுப்பவில்லை என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்பானிய மொழிச் சங்கங்களுக்கு மூன்று வருடம் விலக்குத் தர வேண்டும் என்று அவள் ஒரு திருத்தம் எழுதி வைத்திருந்தாள். விதி வாக்கெடுப்புக்கு வரும்போது எழும்பிச் சொல்வதாக இருந்தாள்.

காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கியது. எல்வீராவோடு சேர்த்து ஆறு பேர் ஸ்பானிய மொழிக்காரர், பின் வரிசையில். நடுவில் பிலார். கணக்கறிக்கை, போன கூட்டத்துக் குறிப்பு, பயிற்சிக் குழுவின் அறிக்கை என்று போய்க்கொண்டே இருந்தது. பிலார் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேடையிலிருந்து பார்க்க அவளுடைய முகம் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பதினொன்றரைக்கு அந்த விதி வந்தது. தலைவர் கெட்டவர் இல்லை. நேரத்துக்குக் கூட்டம் முடிய வேண்டும் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். விதியை விளக்கினார். “எல்லாருக்கும் விளங்கிச்சோ?” என்று கேட்டார். முன் வரிசை தலையாட்டியது. பின் வரிசையும் தலையாட்டியது. “எதிர்க்கிற ஆக்கள்?” என்றார். மண்டபத்தை ஒரு தரம் பார்த்தார். கை ஒன்றும் இல்லை. “ஏற்றுக்கொள்ளப்பட்டது.”

அதற்குப் பிறகுதான் பின் வரிசையில் ஆறு கைகள் எழும்பின.

இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கேட்டு, விளங்கி, பிறகுதான் நாங்கள் வாய் திறப்போம். எப்போதும் ஒரு வசனம் பின்னால்தான் வருவோம். தலைவர் ‘எதிர்க்கிற ஆக்கள்’ என்று கேட்டபோது பிலார் அதற்கு முந்திய விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆறு பேருக்கும் கேள்வி போய்ச் சேர்ந்தபோது முடிவு வந்துவிட்டது. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இந்த இடைவெளி தெரியும். அதை வைத்துத்தான் பிழைக்கிறோம். ஒருவர்கூடப் பொறுத்து நிற்கவில்லை.

தலைவர் அந்த ஆறு கைகளையும் பார்த்துச் சிரித்தார். “தெரியும், தெரியும், பசி. இப்ப சாப்பாடு வந்திடும்” என்றார். மண்டபம் சிரித்தது.

பிலார் அதையும் ஸ்பானியத்தில் சொன்னாள்.

நான் என்ன செய்தேன்? மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கைகள் பிந்தி எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். ஏன் பிந்தியது என்றும் எனக்குத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த ரோல்ஸ் ஆறிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

எனக்கு வேலை பழக்கிய மூத்த பெண் ஒருவர் இருந்தார். ஒரு தரம் ஆஸ்பத்திரியில் அவரும் நானும் மாறி மாறி வேலை செய்தோம். இருபது நிமிடம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, மாறுவோம் என்று காட்டினார். டொக்டர், “ரெண்டு நிமிசம், இதை முடிச்சிட்டு மாறுங்கோ” என்றார். அந்த அம்மா இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். நான் எழும்பி அவருடைய இடத்துக்கு வரும்வரை கைகள் வெளியே வரவில்லை. டொக்டர் சிவந்துபோனார், ஆனால் காத்துக்கொண்டு இருந்தார். அன்றைக்கு அந்த அம்மாவைப் பற்றி வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். பாடனில் பிலார் இரண்டரை மணித்தியாலம் தனிய வேலை செய்ததை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தவளும் நான்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் பிலாரை நடைபாதையில் பிடித்தேன். அவளுக்கு ஜெர்மன் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. எங்களுடைய சைகை மொழிகளும் வேறு வேறு, ஆனால் கொஞ்சம் எட்டினால் ஒருவரையொருவர் பிடித்துவிடலாம். மற்ற நாட்களில் ஆங்கிலத்தில் கதைப்போம், அன்றைக்கு அவளுடைய குரல் அடைத்துப்போயிருந்தது. கையால்தான் கதைத்தோம். மற்றவர்கள் எந்த மொழியில் சொன்னாலும் எனக்கு எங்கள் பேச்சில்தான் நினைவில் நிற்கும். அப்படியே எழுதுகிறேன்.

“உன்ர திருத்தம் எங்கை? நீ ஏன் எழும்பேல்லை?” என்று கேட்டேன்.

“எப்பிடி எழும்புறது? அந்த நேரம் என்ர வாய் தலைவரின்ர வாய். வேலை செய்துகொண்டிருக்கிற ஆள் தன்ர கருத்தைச் சொல்லக் கூடாது எண்டு படிச்சனாங்கள்தானே. நான் கையைத் தூக்கினா, அந்த ஆறு பேரும் என்ன நினைப்பினம்? இவ்வளவு நேரமும் இவ தன்ர கதையைத்தான் சொன்னவவோ எண்டு நினைக்க மாட்டினமோ?”

“நிப்பாட்டியிருக்கலாம்.”

“நீ மேடையில இருந்தனி” என்றாள்.

அவள் விடவில்லை.

“நீ பயிற்சி குடுக்கேக்கை, தனிய ஒருத்தர் எத்தினை நிமிசம் செய்யலாம் எண்டு சொல்லுறனி?”

“இருவது.”

அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கையால் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அன்றைய சாப்பாடு அட்லிஸ்வில்லிலிருந்து சிவம் அண்ணை கொண்டுவந்தது. அவர் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்து, சனி ஞாயிறுகளில் கூட்டங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர். நான் மேசைப் பக்கம் போனதும் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, அந்த மூலை மேசை ஆக்கள் ஒருத்தரும் ரோல்ஸைத் தொடேல்லை. இறைச்சி எண்டு பயமோ, உறைப்பு எண்டு பயமோ?”

“மனம் சரியில்லை அண்ணை. வாக்கெடுப்பு ஒண்டு. அவைக்கு விளங்க முதல் முடிஞ்சுபோச்சு.”

“விளங்கிச்சோ எண்டு கேக்கேல்லையோ?”

“கேட்டவை. தலையாட்டினவை.”

சிவம் அண்ணை சிரித்தார். “நானும்தான் ஆட்டினனான். அகதி விசாரணையில என்னட்டை என்ன கேட்டவை தெரியுமோ? ‘உங்கட மொழிபெயர்ப்பாளரை உங்களுக்கு வடிவா விளங்குதோ?’ அதையும் அந்த மொழிபெயர்ப்பாளர்தான் கேட்டவர். அந்தாள் கதைச்சது அரைவாசி எனக்கு விளங்கேல்லை. அவரின்ர முகத்தைப் பாத்து, உங்களை எனக்கு விளங்கேல்லை எண்டு சொல்லேலுமோ? ஓம் எண்டன். பிறகு நாலு வருசம் அந்த ஓமைத் திருத்தக் கடிதம் எழுதினன்.”

அண்ணை ரோல்ஸ் தட்டை மூடி வைத்தார்.

“அது சரி, இஞ்சை மொழிக்குப் பொறுப்பு ஆர்?”

“நான்தான்.”

“அப்ப உன்ர பிழை.”

“ஓம் அண்ணை.”

“எனக்கேன் ஓம் எண்டுறாய்? ரோல்ஸை நான் பாக்கிறன். நீ போ, சொல்ல வேண்டிய இடத்தில சொல்லு.”

தலைவர் கோப்பிக் கோப்பையோடு நின்றார். காலை வாக்கெடுப்பைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன்.

“முடிஞ்ச விசயம். குறிப்பில ஏறிட்டுது. ஒண்டைத் திரும்ப எடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பினம்.”

“கேக்கட்டும்.”

“அவைக்குப் பிலார் இருந்தவதானே?”

“பிலார் மொழிபெயர்ப்பாளரோ, உறுப்பினரோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ.”

“ரெண்டும்தான்.”

“நோயாளியின்ர மகள்தான் மொழிபெயர்ப்பாளர் எண்டு ஆஸ்பத்திரி சொன்னா நீங்கள் என்ன செய்வீங்கள்?”

அவருக்கு அது சுட்டது. கோப்பையை வைத்துவிட்டு, “கோபப்படாமல் கதையுங்கோ” என்றார்.

“கோபம் உங்களில இல்லை. என்னில.”

“ஐஞ்சு நிமிசம் தாறன்” என்றார்.

மேடையில் நான் அலங்காரமாக ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஆறு உறுப்பினர்களுக்குக் கேள்வி போய்ச் சேருமுன் வாக்கெடுப்பு முடிந்தது, ஆகவே அது செல்லாது, மொழி வசதி என் பொறுப்பு, நான் அதைச் செய்யவில்லை, என் பெயரோடு அப்படியே குறிப்பில் எழுதுங்கள் என்றேன். பிறகு கேட்டேன்: “இந்த மண்டபத்தில, பின் வரிசையையும் பிலாரையும் தவிர, ஸ்பானிஷ் தெரிஞ்ச ஆக்கள் ஆர்? கையைத் தூக்குங்கோ.”

நாலு கை எழும்பியது. நாலு! கடற்கரையில் கோப்பி கேட்கப் பழகிய ஸ்பானியம் இல்லை. இரண்டு பேர் அதை வைத்து வேலையே செய்கிறவர்கள். நாலாவது கை, மேடையில் என் பக்கத்தில் இருந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண்ணுடையது.

“காலமை தொடக்கம் இதிலைதானே இருந்தனீங்கள்? ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள்.

உண்மைதான். கேட்க வேண்டிய ஆள் நான்.

நாலு பேரையும் இரண்டு சோடியாகப் பிரித்தோம். இருபது நிமிடத்துக்கு ஒரு மாற்றம். ஸ்பானிய வரிசையை முன்னுக்குக் கொண்டுவந்தோம். தலைவருக்கு ஒரே ஒரு விதி சொன்னேன்: சொல்லிக்கொண்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒரு கையை உயர்த்தி வைத்திருப்பார், அந்தக் கை கீழே வரும்வரை நீங்கள் அடுத்த வசனத்தைத் தொடங்கக் கூடாது. பிலாரை மண்டபத்தின் மற்றப் பக்கத்துக்குப் போய்த் தனிய இருக்கச் சொன்னேன். போய் இருந்தாள். தலைவர் பேசத் தொடங்கியதும் அவளுடைய உதடு பழக்கத்தில் அசைந்துகொண்டிருந்தது. தானே கண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

விதி திரும்ப வந்தது. பிலார் எழும்பி, அடைத்த குரலில் தன் திருத்தத்தைச் சொன்னாள். கைதட்டினார்கள். சரி, பிழையைத் திருத்திவிட்டோம், இனி எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் நினைத்தேன். எனக்கு ஒரு சந்தோசம்கூட வந்தது. அப்போது எல்வீரா பேசக் கேட்டார்.

அறுபது வயதிருக்கும். குள்ளமான மனுசி. ஸ்பானியத்தில் பேசினார். ஒரு சோடி அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது.

“பிலாருக்கு நன்றி. அவ எங்களுக்காகக் கனக்கச் செய்திருக்கிறா. ஆனா எங்களுக்கு விலக்கு வேண்டாம்.”

பிலார் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“அறிக்கை அனுப்பாத ஆக்கள் எண்டு எங்களைச் சொல்லுறீங்கள். ஆர் சொன்னது அனுப்பேல்லை எண்டு? ரெண்டு வருசமும் எழுதினம். ரெண்டு வருசமும் அனுப்பினம். எந்தக் கோட்டில எத்தினை வழக்கு, எந்தக் கோட்டு எங்களை உள்ளை விடேல்லை, எல்லாம் எழுதினம். ஸ்பானிஷில எழுதினம். உங்கட இணையப் பக்கத்தில, மொழி உதவிக்கு இந்த முகவரிக்கு எழுதுங்கோ எண்டு ஸ்பானிஷில போட்டிருந்தது. அந்த முகவரிக்குத்தான் அனுப்பினம். பதிலும் வந்தது.”

கையை நீட்டி என்னைக் காட்டினார்.

“இந்த அம்மாதான் எழுதினவ. ரெண்டு தரமும் ‘கிராசியாஸ்’ எண்டு எழுதினவ. வாசிச்சிட்டுத்தான் நன்றி சொல்லுறா எண்டு நாங்கள் நினைச்சம்.”

அது என்னுடைய முகவரி. அந்த மின்னஞ்சல்கள் வந்தது எனக்கு நினைவு வந்தது. படங்கள் இருந்தன. ஏதோ செய்திமடல் என்று நினைத்தேன். பிலாரிடம் கொடுத்து என்னவென்று கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் போட்டு வைத்தேன். அவளுக்கு ஏற்கெனவே நிறைய வேலை கொடுத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அதனால் கொடுக்கவில்லை. மரியாதைக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானியச் சொல்லை எழுதிப் போட்டேன். இரண்டு வருடமும்.

“நான் வாசிக்கேல்லை” என்றேன்.

சொல்லிவிட்டு நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கை இன்னும் மேலே இருந்தது. என்னுடைய சொல் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குப் போகிற நேரம். இத்தனை வருடம் மற்றவர்களுடைய கெட்ட செய்திகளை நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். சொன்னவர் அந்த இடைவெளியில் எப்படி நிற்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்வீராவின் முகத்தில் அது போய் விழுந்ததைப் பார்த்தேன். கை கீழே வந்தது.

“ஏன்?” என்றார்.

“எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. தெரியாது எண்டு உங்களுக்கு எழுதியிருக்க வேணும். எழுதேல்லை. பிலாரிட்டைக் குடுப்பம் எண்டு வைச்சன். குடுக்கேல்லை.”

மண்டபத்தின் மற்றப் பக்கத்திலிருந்து பிலார் கையால் கேட்டாள்: “என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

நானும் கையால் சொன்னேன்: “வெக்கம்.”

சைகை மொழிபெயர்ப்பாளர் மண்டபத்தில் கையால் இரகசியம் கதைக்க முடியாது. பாதிப் பேருக்காவது விளங்கியிருக்கும்.

பிலார் எழும்பித் தன் திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். எல்வீரா வேறு திருத்தம் தந்தார்: உறுப்பினர் எந்த மொழியில் அறிக்கை அனுப்பினாலும் அது வந்த அறிக்கைதான், அதை வாசிப்பது சங்கத்தின் வேலை. சிலர் எழும்பி எதிர்த்தார்கள். நாளைக்கு எல்லோரும் தங்கள் மொழியில் எழுதினால் யார் வாசிப்பது என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். அந்த எதிர்ப்பும் வசனம் வசனமாக ஸ்பானியத்துக்குப் போனது. எல்வீரா பதில் சொன்னார். தலைவர் வாக்குக் கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தபடி நின்றார். அவ்வளவு பேர் இருந்த மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. கை இறங்கியது. மற்றக் கைகள் எழும்பின, முன்னும் பின்னும் ஒரே நேரத்தில். எண்ணினார்கள். திருத்தம் வென்றது. எல்வீராவின் சங்கம் பட்டியலில் நின்றது. உறுப்பினர் கடிதம் அடுத்த கிழமையே போனது, ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும்.

உங்களுக்கு இதில் எடுக்க வேண்டியது நிறைய இல்லை. உங்களுக்கு ஒரு மொழி தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். நன்றி என்று எழுதாதீர்கள். உங்கள் சொந்த விசயம் பேசப்படுகிற கூட்டத்தில் மொழிபெயர்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். தாய் கேட்டாலும், கோயில் தலைவர் கேட்டாலும். நல்ல மனம் உள்ளவர்கள்தான் இதில் கூடுதலாகப் பிழை விடுவார்கள். பிலாருக்கும் எனக்கும் எல்வீராவில் இரக்கம் இருந்தது. இரக்கம் வந்ததும், அவருக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்கே தெரியும் என்று நினைத்துவிட்டோம். அவரிடம் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு முடிந்ததும் நான் எழும்பி, இந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன். அதுதான் முறை என்று பட்டது. தலைவர் ஸ்பானிய வரிசையைப் பார்த்து, “நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

எல்வீரா எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னார்.

“வேண்டாம். இவ போனா ஒரு புது ஆளைப் போடுவீங்கள். அவவும் ‘கிராசியாஸ்’ எண்டுதான் தொடங்குவா. இவவுக்காவது இனி அந்தச் சொல் வராது.”

முன் வரிசையில் ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூரத்தில் பிலாரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைவர் ஒன்றும் விளங்காமல் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மண்டபம் முழுவதும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை இறங்கிய பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.